கட்டுவதற்கு முன் ஒருமுறை உள்ளே நடந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலேயே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

நம் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து புதுக் கட்டடம் கட்டித் தருகிறீர்கள். நான்கு வகுப்பறைகள், ஒரு சத்துணவுச் சமையலறை, மாணவிகளுக்குக் கழிப்பறைகள். பணம் பெரும்பாலும் சேர்ந்துவிட்டது. வரைபடம் தயார். கடைக்கால் தோண்ட நாளும் பார்த்தாயிற்று. இந்த நேரத்தில், வடிவமைப்பை இலவசமாகச் செய்து தரும் நம் மாணவி, "இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். வி.ஆர். கண்ணாடியில் முதல் சுற்று பார்த்தாயிற்று. திருத்தங்களைச் செய்துவிட்டு இன்னொரு சுற்று எல்லாரையும் உள்ளே நடக்க வைத்த பிறகு வேலையைத் தொடங்கலாம்" என்று கேட்டார்.

வாட்ஸப் குழுவில் என்ன பதில் வந்தது என்று உங்களுக்கே தெரியும். "வீடியோ கேமுக்கு நேரமில்லை" என்றார் ஒருவர். "கம்பி விலை ஏறிக்கொண்டிருக்கிறது" என்றார் இன்னொருவர். "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கண்ணாடி மாட்டிக்கொண்டா கட்டினார்கள்?" என்று கேட்டவர் என் செல்ல மாணவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது என் கருத்து மாறிவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன் 1996-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த ஆண்டு தலைமையாசிரியர் பொறுப்பு என்னிடம் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் நிதி திரட்டி மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டியது. வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார்கள். நான் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு: மொத்தம் எவ்வளவு ஆகும், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடியுமா. பதில் திருப்தியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஜூனில் திறப்பு விழாவும் நடந்தது, கேசரி காராபூந்தியோடு.

2019-ல் பழைய மாணவர் சந்திப்பு நடந்ததே, அன்று மதியச் சாப்பாட்டின்போது ஒரு மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது செவிலியராக இருக்கிறார். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க செட்டுல பொம்பளப் பிள்ளைங்க யாருமே காலையில தண்ணி குடிக்க மாட்டோம் சார். அந்தப் பாத்ரூம் கதவு கிரவுண்டைப் பாத்துத் திறக்கும். பசங்க எல்லாம் அங்கதான் விளையாடுவாங்க. நாலு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடுவோம்." அவருடைய தோழிகள் இருவருக்கு அதனால் சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்ததையும் சொன்னார். அவர் அதைப் பழைய கதையாகத்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

நான் கணக்கு வாத்தியார். வட்டம், வில், நாண் என்று வருடா வருடம் நடத்தியவன். கட்டட வரைபடத்தில் கதவைக் கால் வட்ட வில்லாகத்தான் போடுவார்கள். அந்த வில் எந்தப் பக்கம் விரிகிறது என்று பார்த்திருந்தாலே போதும். அன்று அந்த வில் என் கண்ணில் படத்தான் செய்தது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இது என்ன கோடு?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள்.

ஒரு வரைபடத்தைப் பார்த்துக் கட்டடத்தை மனதில் எழுப்புவது தனிப் படிப்பு. அது தெரிந்தவர்கள் பொறியாளர்கள், வடிவமைப்பாளர்கள், அனுபவப்பட்ட மேஸ்திரிகள். ஆனால் அந்தக் கட்டடத்தில் வாழப்போகிறவர்கள் பெரும்பாலும் அது தெரியாதவர்கள். நான் கரும்பலகையில் கனசதுரம் வரைந்து, மறைந்திருக்கும் பக்கங்களைப் புள்ளிக்கோட்டில் போட்டு, "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரியுது சார்" என்பீர்கள். பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் பாதிப் பேருக்கு அது வெறும் கோடுகளாகத் தெரிந்திருப்பது தெரியும். பிறகு ஒரு நாள் செங்கல்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். அன்றைக்குத்தான் கனஅளவு பாடம் முடிந்தது.

வி.ஆர். கண்ணாடி செய்வதும் அந்தச் செங்கல் வேலையைத்தான். இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டுகிறது. நம் இரண்டு கண்களும் இயல்பாகவே அப்படித்தான் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்ந்துகொள்கிறது. தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்து, படத்தையும் அதே அளவு திருப்புகின்றன. அவ்வளவுதான் சூட்சுமம். வரைபடத்தை மேலிருந்து பறவை மாதிரி பார்ப்பதற்குப் பதிலாக, தரையில் நின்று மனிதர் மாதிரி பார்க்கலாம்.

இது நேற்று முளைத்த விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1980-களின் நடுவிலேயே, அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கே கணினித் துறைக்கு சிட்டர்சன் ஹால் என்று ஒரு புதுக் கட்டடம் வரவிருந்தது. பேராசிரியர் பிரெட் புரூக்ஸும் அவருடைய மாணவர்களும், கட்டட வரைபடங்களை வைத்துக் கணினிக்குள் அந்தக் கட்டடத்தை எழுப்பி, அதற்குள் நடந்து பார்த்தார்கள். முகப்புக் கூடத்தில் இருந்த ஒரு தடுப்புச் சுவர் இடத்தை நெருக்கடியாக்குகிறது என்று அங்கே வேலை செய்யப்போகிறவர்களுக்குத் தோன்றியது. வாயால் சொன்னபோது வடிவமைப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கணினிக்குள் நடந்து பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். சுவரை நகர்த்தினார்கள். கட்டடம் 1987-ல் திறக்கப்பட்டது. பிற்பாடு கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 1999-ல் பெற்றவர் இந்த புரூக்ஸ்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? இரண்டு தரப்பிலும் யாரும் முட்டாள் இல்லை. ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு வேறு கட்டடங்களை மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே கட்டடத்துக்குள் நின்றவுடன் சண்டை தீர்ந்துவிட்டது. நம் குழுவில் நடக்கும் சண்டைகளிலும் பாதி இந்த வகைதான்.

அப்போது அதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிகள் தேவைப்பட்டன. இன்று நல்ல செல்போன் விலையில் கண்ணாடி வந்துவிட்டது. நம் மாணவி தன் அலுவலகத்தில் இருப்பதையே எடுத்துவந்தார். நமக்குச் செலவு அவருக்கு வாங்கிக் கொடுத்த பஸ் டிக்கெட்டும் சாப்பாடும்தான்.

சரி, போன மாதம் ஒரு சனிக்கிழமை நம் பள்ளி நூலகத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் எனக்குத்தான் மாட்டிவிட்டார். ஒரு நிமிடம் தலை கிறுகிறுத்தது. கண் நடப்பதாகச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்பதாகச் சொல்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் மயக்கம் வருகிறதாம். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "சார், இல்லாத படியில கால் வைக்காதீங்க" என்று எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. வகுப்பறை எனக்கு அருமையாகத் தெரிந்தது. நல்ல வெளிச்சம், அகலமான கரும்பலகை. "பிரமாதம்மா" என்றேன்.

"சார், இப்ப ஆறாங்கிளாஸ் பிள்ளையோட உயரத்துக்கு உங்களை இறக்குறேன்" என்று ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். திடீரென்று நான் நாலரை அடி ஆகிவிட்டேன். சன்னலின் அடிச்சுவர் என் முகத்துக்கு வந்துவிட்டது. வெளியே மரம் தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலே கரும்பலகையின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. முப்பத்துநாலு வருடம் அந்தப் பலகையின் முன்னால் நின்றவன் நான். கடைசி பெஞ்சிலிருந்து அது எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து மேஸ்திரி. அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியும், அதனால் வேண்டாவெறுப்பாகத்தான் மாட்டினார். கட்டட வரைபடம், கம்பி கான்கிரீட் வரைபடம், தண்ணீர் மற்றும் கழிவுநீர்க் குழாய் வரைபடம் மூன்றும் தனித்தனித் தாள்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. கணினிக்குள் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கழிவுநீர்ப் பைப்பு பீமுக்குள்ள பூந்து போகுது? அப்புறம் என்னையத்தான் பீமை உடைக்கச் சொல்வீங்க" என்றார். குழாய்க்காரரும் அங்கேயே இருந்தார். இருவரும் பத்து நிமிடம் பேசி, குழாயின் பாதையை மாற்றினார்கள். வேலை நடக்கும் இடத்தில் இது தெரிந்திருந்தால் ஒரு வாரம் வாய்ச்சண்டை நடந்திருக்கும்.

அதன்பின் சத்துணவுச் சமையல் அக்கா. கண்ணாடி மாட்டவே மாட்டேன் என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடி மாட்ட வைத்தோம். அடுப்பு மேடையின் முன்னால் நின்றார். கையை நீட்டிப் பார்த்தார். "இது வீட்டுக்கு வைக்கிற மேடை. முந்நூறு பிள்ளைக்கு வடிக்கிற அண்டாவை இடுப்பு உயரத்துக்கு யாரு தூக்குறது? கஞ்சியை எங்க சாய்க்கிறது?" என்றார். யாருக்கும் பதில் இல்லை. வரைபடம் அவருக்கும் காட்டப்பட்டதுதான். அப்போது அவர் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார். 1996-ல் நான் சொன்ன அதே "நல்லாருக்கு".

சக்கர நாற்காலியில் வரும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். சரிவுப் பாதை விதிப்படி சரியாகத்தான் போடப்பட்டிருந்தது. ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். கணக்கு வாத்தியாராக நானே சரிபார்த்தேன். அவன் கண்ணாடி வழியாக மேலே ஏறிப் போய்க் கதவின் முன்னால் நின்றுவிட்டுச் சொன்னான்: "கதவு என் பக்கமா திறக்குது. கதவை இழுத்தா நான் பின்னால உருளணுமே சார்." மறுபடியும் அதே கால் வட்ட வில். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது, இந்த முறையும் அது என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

கடைசியாக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தலைமையாசிரியை, நான், மேஸ்திரி, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் என்று சுற்றி நின்றுகொண்டிருந்தோம். சாதாரணமாக அந்தப் பிள்ளை எங்கள் முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் கண்ணாடி மாட்டியவுடன் எங்கள் முகங்கள் அவளுக்குத் தெரியவில்லை. கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு இயல்பாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். "இங்க வரிசையில நிக்கும்போது வெராண்டாவுல போறவங்க எல்லாருக்கும் தெரியும். குறுக்கால ஒரு சுவர் வேணும். உள்ள பை மாட்ட ஆணி இல்ல. நாப்கின் போட இடம் இல்ல. தாழ்ப்பாள் ரொம்ப மேல இருக்கு, ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு எட்டாது." வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நம் மாணவி எழுதிக்கொண்டே இருந்தார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கருவியின் பெருமை படத்தின் அழகில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அது பேசாதவர்களைப் பேச வைத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சமையல் அக்காவும், அந்த மாணவியும், சக்கர நாற்காலிப் பையனும் இனிமேல் அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பாளர்கள்தான். சேர்ந்து வேலை செய்வது என்றால் பொறியாளரும் வடிவமைப்பாளரும் பேசிக்கொள்வது மட்டும் இல்லை.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"தாமதம் ஆகிறது" என்கிறீர்கள். கட்டடத் துறையில் பாட்ரிக் மேக்லீமி என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞரின் பெயரால் ஒரு வரைபடம் சொல்வார்கள். இரண்டு வளைகோடுகள். நாள் போகப் போக, மாற்றம் செய்யும் வாய்ப்பு இறங்கிக்கொண்டே வரும், மாற்றத்துக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். திரையில் ஒரு சுவரை நகர்த்த அரை மணி நேரம். கட்டிய பின் நகர்த்தினால் இடிக்கும் கூலி, குப்பை அள்ளும் கூலி, மறுபடி செங்கல், சிமென்ட், பூச்சு. பணத்தைவிடப் பெரிய சிக்கல், யாரும் இடிக்கவே மாட்டார்கள் என்பது. 1996 கழிப்பறையையும் யாரும் இடிக்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு தகரத்தை நட்டு மறைத்தார்கள்.

"பெரிய கோயிலை இப்படியா கட்டினார்கள்?" இல்லைதான். ஆனால் நம் கொத்தனார்களும் கடைக்கால் தோண்டுமுன் தரையில் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்களே, அது எதற்கு? வீட்டுக்காரரை அந்தக் கோடுகளுக்குள் நிற்க வைத்து, "இது அடுப்படி, இது பூசையறை, இடம் போதுமா?" என்று கேட்பார்கள். முன்கூட்டியே நடந்து பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிது இல்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு உயரம் கிடையாது, கண்ணாடியில் உயரமும் உண்டு. வித்தியாசம் அவ்வளவே. உங்களில் வீடு கட்டப்போகிறவர்கள், கண்ணாடி கிடைக்காவிட்டால் மொட்டைமாடியிலோ தெருவிலோ கோலப்பொடியால் சமையலறையை முழு அளவில் வரைந்து, வீட்டில் சமைப்பவரை அதற்குள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பைசா செலவில்லை.

"படம் பார்த்து மயங்கிவிடுவோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. கண்ணாடிக்குள் மே மாத வெயில் இல்லை. கழிப்பறை நாற்றம் இல்லை. சமையல் புகை இல்லை. ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது எதிரொலிக்குமா என்று தெரியாது. சுவர் எப்போதும் புதுப் பெயின்ட்டோடு பளபளக்கும். வரைந்தவர் எதைப் போட்டாரோ அதுதான் தெரியும். ஆகவே காற்று, வெயில், ஒலி பற்றிய கேள்விகளை வழக்கம்போல் அனுபவசாலிகளிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். வீடு விற்கும் கம்பெனிகள் கண்ணாடியை மாட்டி ஆசை காட்டுகின்றன என்பதும் உண்மை. எல்லாம் முடிவான பின் காட்டினால் அது விளம்பரம். மாற்ற முடிகிற நேரத்தில் காட்டினால்தான் ஆலோசனை.

இன்னொரு குறை: மாட்டியவர் ஒருவர்தான் பார்க்கிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்தக் குறையை நிபுணர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 1992-லேயே சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அறையின் சுவர்களிலேயே படத்தை ஒளிரவிட்டு, பலர் ஒன்றாக உள்ளே நிற்கும்படி 'கேவ்' என்ற அமைப்பைச் செய்தார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. கண்ணாடியில் தெரிவதை நூலகத்து டிவியிலும் தெரியும்படி நம் மாணவி இணைத்துவிட்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வரும் ஞாயிறு குழுவில் முடிவெடுக்கும்போது இரண்டு வாரம் கொடுங்கள். அதோடு மூன்று நிபந்தனைகளும் வையுங்கள்.

ஒன்று, கட்டடத்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தவர்கள் அடுத்து பார்க்கலாம். நானும் பின்னால் நிற்கிறேன்.

இரண்டு, யார் என்ன சொன்னார், அதற்கு என்ன செய்தோம், செய்ய முடியாவிட்டால் ஏன் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றியவுடன் எல்லாம் மறந்துவிடும். நோட்டு இருந்தால்தான் கடைசி வரைபடத்தில் அது வந்ததா என்று பார்க்க முடியும்.

மூன்று, ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உட்கார்ந்துகொண்டே பார்க்கட்டும். தலை சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும். மாட்டும் பஞ்சை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் பள்ளிக்கூடம் இல்லையா.

கடைசியாக, 1996-லிருந்து அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்திய, பயன்படுத்த முடியாமல் தவித்த என் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை. சொல்ல முடிகிற மாதிரி நான் இருக்கவில்லை. அந்த வரைபடத்தில் இருந்தது என் கையெழுத்து. என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா. உங்களில் யாருக்காவது அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொன்ன பட்டியலில் சேர்க்க இன்னும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். இங்கே எழுதக் கூச்சமாக இருந்தால் நம் வடிவமைப்பாளர் மாணவிக்குத் தனியாக அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் இந்தச் சுற்றிலேயே சேர்த்துவிடுவார்.

தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். இப்போது என் கையில் பிரம்பு இல்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்